ஐநூத்துப் பன்னெண்டு ப்ராசஸரும் ஒரு லேப்டாப்பும்

உள்ள வாங்கம்மா, கதவைச் சாத்திடுங்க, குளிர் வெளிய போயிடும். செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், கம்ப்யூட்டர் ரூம்னா கழட்டணும்ங்கறது அந்தக் காலம். ஜெசிந்தா மேடம் ரூமா? மூணாவது மாடி. லிஃப்ட் ஓடல. மேடம் இப்ப கிளாஸ்ல இருப்பாங்க, இன்டர்வியூ அது முடிஞ்ச அப்புறம்தான். அதுவரைக்கும் படிக்கட்டுல உக்காந்து வேர்த்துக்கிட்டு இருக்கப் போறீங்களா? இங்க உக்காருங்க. இந்தக் கட்டடத்துல ஏசி ஒழுங்கா ஓடற ரூம் இது ஒண்ணுதான். எங்களுக்காக இல்ல. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால கறுப்பா வரிசையா நிக்குதே, அதுக்காக. இங்க மனுஷனுக்கு வேர்த்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதுக்குச் சூடு ஏறினா டைரக்டரே போன் பண்ணுவார்.

அதுதான் கிளஸ்டர். சூப்பர் கம்ப்யூட்டர்னு பேப்பர்காரங்க எழுதுவாங்க. ஒண்ணும் பெரிசா இல்ல, நிறைய கம்ப்யூட்டரை அடுக்கி, கேபிள் போட்டு, ஒரே வேலையைப் பங்கு பிரிச்சுச் செய்யச் சொல்றது. பேரலல் கம்ப்யூட்டிங்னா அவ்வளவுதான். கல்யாண வீட்டுல காய் நறுக்க நாலு பேரைக் கூப்பிடற மாதிரி. நாலு பேர் வந்தா கால்வாசி நேரத்துல முடியணும்ல? முடியாது. ஒருத்தன் கத்தி கேப்பான், ஒருத்தன் கதை பேசுவான், ஒருத்தன் கேரட்டைத் தின்னுக்கிட்டே இருப்பான். அந்த நாலு பேரையும் வேலை வாங்கறதுக்குத்தான் இங்க அஞ்சாறு வருஷம் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கறோம்.

நீங்களும் அதுக்குத்தான் வந்திருக்கீங்களா? அதுவும் ஜெசிந்தாகிட்டயா?

ம்.

இல்ல, ஒண்ணும் இல்ல. காப்பி குடிங்க. ஃப்ளாஸ்க்ல இருக்கு, சர்க்கரை கொஞ்சம் கம்மியா இருக்கும். பிஸ்கட் எடுத்துக்கங்க. எந்த ஊர் சொன்னீங்க? அரியலூரா? காலைல சாப்பிட்டிருக்க மாட்டீங்களே. எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க.

சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கறேன். ஆனா ஒரு பொண்ணு அவ்வளவு தூரத்துல இருந்து வந்து தெரியாம மாட்டிக்கறதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது? என் பேரு பால்பாண்டி. டாக்டர் பால்பாண்டி. கதவுல போட்டிருக்கே, பாக்கலையா? கம்ப்யூட்டர் சென்டர் முழுக்க என் பொறுப்பு. நானும் ஜெசிந்தாவும் ஒரே கைடுகிட்ட பிஎச்டி பண்ணோம். ஒரே லேப், எதிர் எதிர் மேஜை. எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர் அவ. அவளை எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த இன்ஸ்டிட்யூட்ல எவனுக்கும் தெரியாது. நடந்ததை அப்படியே சொல்றேன். கேட்டுட்டு மாடிப்படி ஏறறதா, அரியலூர் பஸ் ஏறறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

முதல்ல ஒரு அட்வைஸ். பிஎச்டி பண்ணாதீங்க. எழுந்துக்காதீங்க, உக்காருங்க, எல்லார்கிட்டயும் இதைத்தான் முதல்ல சொல்லுவேன். இதைக் கேட்டும் உக்காந்திருந்தா ரெண்டாவது அட்வைஸ், கைடு. அவர் எத்தனை பேப்பர் போட்டிருக்கார்னு பாக்காதீங்க. அவர்கிட்ட படிக்கிற பசங்க வராந்தால அவரைப் பாத்தா நேரா வராங்களா, தூணுக்குப் பின்னால ஒதுங்கறாங்களான்னு பாருங்க. எங்க கைடு சடகோபன் சார், தங்கமான மனுஷன். தங்கம் மாதிரிதான், கண்ணுல படறதே அபூர்வம். எப்பவும் ஏர்போர்ட்ல இருப்பார். மாசக்கணக்கா உக்காந்து எழுதின அத்தியாயத்தை அனுப்பினா, 'சுவாரசியம். பேசுவோம்'னு ரெண்டு வார்த்தை பதில் வரும். பேசவே மாட்டோம்.

ஜெசிந்தாகிட்ட இருக்கற பசங்களா? அதுங்க எங்க ஒதுங்குது? அவ ரூம்லயே உக்காந்து பொங்கல் சாப்பிடுதுங்க. போர்டுல அவ எழுதினதை அழிச்சுட்டு, 'மேடம் இது தப்பு'ன்னு எழுதுதுங்க. இவ சிரிக்கிறா. டிசிப்ளின்னா என்னன்னே தெரியாது அந்த லேப்ல.

சரி, விஷயத்துக்கு வரேன்.

என் ஆராய்ச்சி புயலைப் பத்தி. புயல்னா காத்து இல்ல, காத்து வானிலைக்காரங்க வேலை. புயல் கரையைத் தொடறப்ப கடல் எழும்பி ஊருக்குள்ள வரும்ல, அந்தத் தண்ணி எவ்வளவு தூரம் வரும், எவ்வளவு உயரம் நிக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போடறது. அதுக்குக் கடலையும் கரையையும் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிக்கணும், வயல்ல பாத்தி கட்டற மாதிரி. லட்சக்கணக்குல பாத்தி. ஒவ்வொரு பாத்தியும் பக்கத்துப் பாத்திகிட்ட 'உன்கிட்ட எவ்வளவு தண்ணி?'ன்னு கேட்டு, சராசரி பாத்து, தன் தண்ணியை மாத்திக்கும். மறுபடி கேக்கும். மறுபடி மாத்திக்கும். எல்லாரும் சொல்றது ஒத்து வர்ற வரைக்கும் இப்படியே.

இது பழைய முறை. மந்தமான முறைதான், ஆனா ஒரு நல்ல குணம் அதுக்கு. எத்தனை ப்ராசஸருக்கு வேணா பங்கு பிரிக்கலாம், சண்டையே வராது. நான் ஐநூத்துப் பன்னெண்டு ப்ராசஸருக்குப் பிரிச்சேன். கிட்டத்தட்ட ஐநூறு மடங்கு வேகம் வந்துச்சு. கிராஃப் போட்டா ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேர்கோடு. இந்தத் துறைல அந்த மாதிரி நேர்கோடு யாருக்கும் அமையாதும்மா. ஹைதராபாத்ல ஒரு கருத்தரங்குல காட்டினேன், கைதட்டி, பரிசா ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. எங்கப்பா விருதுநகர்ல இரும்புக் கடை வெச்சிருக்கார். கடிகாரத்தைக் கல்லாவுக்கு மேல மாட்டிட்டு, மறுநாளே 'டாக்டர் பால்பாண்டி'ன்னு வீட்டு வாசல்ல போர்டு அடிச்சு மாட்டிட்டார். தீசிஸ் கூடக் குடுக்கல நான். பக்கத்துத் தெருக்காரங்க காய்ச்சல்னு குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க.

இப்படி ராஜா மாதிரி இருந்தேன். அப்பதான் இவ.

தூத்துக்குடிக்குத் தெக்க ஒரு மீன்பிடி ஊர் அவளுக்கு. ஆரோக்கிய ஜெசிந்தா. வந்து சேர்ந்த புதுசுல வாயே திறக்க மாட்டா. ஒரு பழைய லேப்டாப், அதுல ரெண்டு மூணு எழுத்து பட்டனே இருக்காது, பேனா மூடியால அமுக்குவா. என் செமினாருக்கு முந்தின வாரம், தீசிஸ் எழுதலாம்னு அனுமதி குடுக்கற பெரிய செமினார் அது, அந்த வாரம் பாத்து என் மேஜைகிட்ட வந்து நிக்கறா.

"அண்ணா, ஒரு விஷயம் காட்டணும்."

"செமினார் முடியட்டும்மா."

மறுநாளும் வந்தா. கையில ஒரு படம். என் ப்ரோக்ராம் போட்ட படம்தான், முன்ன வந்த ஒரு புயலுக்குச் சோதிச்சுப் பாத்தது, அதுல அவங்க ஊரும் வருது. "அண்ணா, இதுல தண்ணி அந்தோணியார் கோயிலுக்கு எட்டவே இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுடுது. நெஜத்துல கோயில் படி ஏறி வந்துச்சு. நாங்க எல்லாரும் கோயில் மாடிலதான் நின்னோம்."

நான் என்ன செய்வேன்? செமினாருக்கு ஸ்லைடு பண்ணிக்கிட்டு இருக்கேன். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊர்க்கதையைச் சொல்லிக்கிட்டு வந்தா ஆராய்ச்சி நடக்குமா? "ஜெசிந்தா, இது கணக்கு. அப்ப நீ சின்னப் பிள்ளை. பயத்துல தண்ணி உயரமாத்தான் தெரியும்"னேன். சரிண்ணான்னு போயிட்டா. மூணாவது தடவையும் வந்தா, நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டேன். எவ்வளவு தொந்தரவு பாருங்க. சீனியர் ஒருத்தன் முக்கியமான வேலைல இருக்கான்னு ஒரு இது வேண்டாமா?

செமினார் நாள். ஹால் நிறைய ஆள். சடகோபன் சார் கூட ஊர்ல இருக்கார், முன் வரிசைல கண்ணை மூடி உக்காந்திருக்கார், யோசிக்கிறாரா தூங்கறாரான்னு சொல்ல முடியாது. நேர்கோடு காட்டினேன். ஹால்ல ஒரு பெருமூச்சு கேட்டுச்சு, சத்தியமா. 'கேள்வி ஏதாவது?'ன்னு கேட்டேன், சும்மா மரியாதைக்கு. பின்னாலேர்ந்து ஒரு கை.

"அண்ணா... அதாவது சார்... வேற நல்ல முறை ஒண்ணை எடுத்து, ஒரே ஒரு ப்ராசஸர்ல போட்டா எவ்வளவு நேரம் ஆகும்?"

அவ்வளவுதான் கேட்டா. சடகோபன் சார் கண்ணைத் திறந்துட்டார். வெளிலேர்ந்து வந்த நிபுணர் ஒருத்தர் பேனாவை எடுத்துட்டார். நான் என்ன சொன்னேன்னா, "என் ஆராய்ச்சி ஐநூத்துப் பன்னெண்டு ப்ராசஸரைப் பத்தி. ஒரு ப்ராசஸரைப் பத்தி இல்ல." நல்ல பதில்தான? ஆனா ஹால்ல யாரோ சிரிச்சாங்க.

ஒண்ணு கவனிச்சீங்களா? கோயிலைப் பத்தி அங்க பேச்சே எடுக்கல. 'உங்க விடையே தப்பு'ன்னு அவ்வளவு பேருக்கு முன்னால கேட்டிருந்தா அன்னிக்கே என் தீசிஸ் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். கேக்கல. தைரியம் இல்ல. பின்னால வந்து காதுல சொல்றதுக்கு மட்டும்தான் அவளுக்குத் தைரியம்.

சார் சொல்லிட்டார், அந்த ஒரு ப்ராசஸர் கணக்கையும் போட்டுக் காட்டிடு பால்பாண்டின்னு. நான் விடல. லேப்ல வெச்சே கேட்டேன், "அந்த நல்ல முறை உன்கிட்ட இருக்கா?"

"இருக்குண்ணா. லேப்டாப்ல. அதைத்தான் காட்ட வந்தேன். உள்ள போய்த் தனியாப் பாக்கலாமா?"

"தனியா எதுக்கு? எல்லார் முன்னாலயும் ஓட்டு."

வேண்டாம்ணான்னு ரெண்டு மூணு தடவை சொன்னா. தோத்துடுவோம்னு பயம்னு நெனச்சேன். லேப் முழுக்கக் கூடிடுச்சு, பக்கத்து லேப்லேர்ந்து கூட வந்துட்டாங்க. இந்தப் பக்கம் நான், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்குதே அதோட அப்பன், அப்போதைய கிளஸ்டர், ஐநூத்துப் பன்னெண்டு ப்ராசஸரும் எனக்காகவே காலி. அந்தப் பக்கம் பட்டன் இல்லாத லேப்டாப். ரெண்டு பேரும் ஒரே புயல், ஒரே கடல், ஒரே நேரத்துல ஓட விட்டோம். ஓட விட்டுட்டு இவ பாட்டிலை எடுத்துக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போயிட்டா. திமிரைப் பாருங்க. திரும்பி வந்து மூடியைத் திருகறா, லேப்டாப் முடிஞ்சு படம் போட்டுக் காட்டிக்கிட்டு இருக்கு. என்னுது ஓடிக்கிட்டு இருக்கு. எல்லாரும் நின்னாங்க. என்னுது ஓடிக்கிட்டு இருக்கு. ஒவ்வொருத்தரா டீ குடிக்கப் போனாங்க. என்னுது ஓடிக்கிட்டே இருக்கு.

அது என்ன முறைன்னா, எல்லாப் பாத்தியும் பக்கத்துப் பாத்திகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தா, கன்னியாகுமரில தண்ணி ஏறினது ராமேஸ்வரத்துக்குத் தெரியவே யுகம் ஆகும். அதனால முதல்ல கடலைப் பெரிய பெரிய கட்டமா நாலஞ்சாப் பிரிச்சு மொத்தப் போக்கைப் பிடிச்சுக்கறது. அப்புறம் கொஞ்சம் சின்னக் கட்டம், இன்னும் சின்னக் கட்டம்னு இறங்கி வர்றது. புஸ்தகத்துல இருக்கறதுதான். எனக்கும் தெரியும். பரீட்சைல எழுதியிருக்கேன்.

அதுக்கு மேல லேப்ல இருக்கப் பிடிக்கல. பெட்டியைக் கட்டி விருதுநகர் போயிட்டேன். அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னா, கடைக்கு வந்தவர் முன்னாலயே, "ஏன்டா, ஐநூறு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயி ஒத்தப் புள்ளகிட்ட அடி வாங்கிட்டு வந்திருக்கியே"ன்னார். போர்டைக் கழட்டுங்கன்னேன். கழட்ட மாட்டேன்னுட்டார். ஆணி வீணாயிடுமாம்.

கடைல ஆணியும் கீலும் எடை போட்டுக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. நாலு பேர் ஒரே நேரத்துல வந்தா யாரை முதல்ல அனுப்பறதுன்னு வரிசை பிரிச்சேன், அப்பாவுக்குப் பிடிக்கல. ஒரு நாள் போன். அவ.

"அண்ணா, திரும்பி வாங்க."

"எதுக்கு? இன்னொரு லேப்டாப் இருக்கா?"

"இந்த முறையை ஐநூத்துப் பன்னெண்டுக்குப் பிரிக்கணும்ணா. நெஜப் புயலுக்கு லேப்டாப் பத்தாது. மொத்தக் கரைக்கும் போட்டா ரெண்டு நாள் ஆகுது, அதுக்குள்ள புயலே வந்து போயிடும். பிரிச்சுப் பாத்தேன், எனக்கு வரல. உங்களுக்குத்தான் வரும்."

பாத்தீங்களா? தன்னால முடியலன்னதும் யாரைத் தேடுது பாருங்க. மனசு கேக்கல, அடுத்த பஸ்ல ஏறிட்டேன்.

அது லேசுப்பட்ட வேலை இல்ல. ஏன்னா முதல்ல கடலை நாலஞ்சு பெரிய கட்டமாச் சுருக்கறோம்ல, அப்ப ஐநூத்துப் பன்னெண்டு ப்ராசஸருக்கும் என்ன வேலை? ஒரு டீ கிளாஸைச் சுத்தி ஐநூறு பேர் நிக்கற மாதிரி. ஆளாளுக்கு 'நீ குடி, நீ குடி'ன்னு கேட்டுக்கிட்டே நேரம் போயிடும். மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு மத்தியானம், மெஸ்ல சாம்பாருக்கு நிக்கறப்ப தோணுச்சு. அவ்வளவு பேரும் எதுக்கு நிக்கணும்? அந்தப் பெரிய கட்டத்துக்கு மட்டும் எல்லாரையும் உக்காரச் சொல்லிட்டு, ஒருத்தன்கிட்ட மொத்தத்தையும் குடுத்துடு. அவன் சட்டுன்னு முடிச்சு எல்லாருக்கும் சொல்லட்டும். தட்டை அப்படியே வெச்சுட்டு ஓடினேன்மா லேபுக்கு. அந்த ஓட்டம்... அதெல்லாம் வேற யாருக்கும் சொன்னாப் புரியாது. உங்களுக்கும் என்னிக்காவது வரும். வராமலும் போகும்.

அந்த நேரம் பாத்து இவ ஊர்ல இல்ல. அவங்கம்மாவுக்கு உடம்பு முடியல, தூத்துக்குடில ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்க. மாசத்துல பாதி நாள் அங்கதான். வராந்தா பெஞ்சுல உக்காந்து ப்ரோக்ராம் எழுதி எனக்கு அனுப்புவா. கிளஸ்டர்ல அவளுக்குன்னு ஒதுக்கின நேரம் முழுக்க எனக்கு மாத்திக் குடுத்துட்டா. எப்படியும் அவ ஊர்ல இல்ல, சும்மாதான கிடக்குது. அவ தீசிஸ் வேலை அப்படியே நின்னு போச்சு. பாருங்க, இதான் சொல்றேன், பிஎச்டி பண்றவங்களுக்குத் திட்டமிடல் வேணும். அவளுக்கு அது சுத்தமாக் கிடையாது.

முதல் தடவை முழுசா ஓடி முடிச்சது ஒரு காலை நேரம். அந்தப் பழைய புயலுக்குத்தான் போட்டேன். படம் வந்துச்சு. நீலம் ரோட்டைத் தாண்டிப் போகுது. கோயில் இருக்கற கட்டத்துக்குள்ள போயிடுச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். என் பழைய ப்ரோக்ராம்ல, எல்லாப் பாத்தியும் ஒத்துப் போறதுக்கு முன்னாலயே போதும்னு நிறுத்தியிருந்தேன். நேரம் மிச்சம் ஆகும், வேகம் நல்லாத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ஆனா தண்ணி முழுசா வந்து சேர்றதுக்குள்ள நின்னு போயிருக்கு. இதை அவ முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல? சொன்னா. ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல.

போன் போட்டேன். "ஜெசிந்தா, தண்ணி கோயிலுக்கு வந்துடுச்சு."

அந்தப் பக்கம் அவ அவங்கம்மாகிட்ட சொல்றது கேக்குது, "அம்மா, கணக்குலயும் கோயிலுக்கு வந்துட்டுதாம்." அந்தம்மா போனை வாங்கிட்டாங்க. மூச்சு வாங்குது, பேச முடியல. "அப்பம் அடுத்த மட்டம் புயல் வந்தா முன்னமே சொல்லிருவியளா, தம்பி?"

நான் என்னத்தச் சொல்ல? பட்டமே வாங்காத பய. "சொல்லிருவோம்மா"ன்னுட்டேன். எந்த தைரியத்துல சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல.

அந்தம்மா அந்த மழைக்காலம் தாண்டல. அடக்கத்துக்கு நானும் போனேன். லேப்ல வேற யாரும் சும்மா இல்ல, அதான். கோயில்ல பூசை நடக்குது, நான் வெளிய படில நிக்கறேன். அங்க ஒரு பெரியவரைக் கேட்டேன், அந்தப் புயல்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு. நாலாவது படியைக் காட்டினார். எங்க கணக்குல அஞ்சாவது படி. ஒரு படி வித்தியாசம். அவ்வளவு பெரிய கடலுக்கு ஒரு படிம்மா! உள்ள அழுகைச் சத்தம் கேக்குது, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கைக்குட்டையை வெச்சு மூடிக்கிட்டேன். இவ வெளிய வந்தப்ப விரலைக் காட்டினேன், நாலு, அஞ்சுன்னு. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு அவளுக்கு. "ஒரு படிதானாண்ணா?"ன்னா. அப்படியே அந்தப் படில உக்காந்து, "கரையோட சரிவைத் தப்பா எடுத்திருக்கோம்"னா. அன்னிக்கே! சொன்னா யாராவது நம்புவாங்களா?

அப்புறம் என்ன, தீசிஸ் குடுத்தேன். ஐநூத்துப் பன்னெண்டுல நூத்தி எம்பது மடங்கு வேகம்தான் வந்துச்சு. ரெண்டு நாள் ஆன கணக்கு கால்மணி நேரத்துல முடிஞ்சுச்சு, ஆனா கோடு பாதிலயே வளைஞ்சு படுத்துடுச்சு, பாக்கவே நல்லா இல்ல. வைவாங்கற வாய்மொழிப் பரீட்சைல எல்லாரும் அந்த வளைஞ்ச கோட்டைப் பாத்துத்தான் பாராட்டினாங்க, அவங்க ரசனை அப்படி. பேப்பர்ல என் பேர் முதல்ல, அவ பேர் ரெண்டாவது. அவளே போட்டு அனுப்பிட்டா. நியாயம்தான, டீ கிளாஸ் யோசனை என்னுது. என்னால ரெண்டு வருஷம் லேட்டா முடிச்சா அவ. இல்ல, அவளால நான் ரெண்டு வருஷம் லேட்டு. பாருங்க, சொல்றப்பவே குழம்புது, அவ்வளவு குழப்பம் பண்ணியிருக்கா. அப்புறம் ஜெர்மனி போனா, திரும்பி வந்தா, மூணாவது மாடில ரூம் குடுத்துட்டாங்க. என்னையும் புரொஃபசர் வேலைக்குக் கேட்டாங்க. அதாவது நான் கேட்டேன். நமக்கு இந்தக் கிளாஸ் எடுக்கறது, பேப்பர் திருத்தறதெல்லாம் ஒத்து வராது. மெஷின்தான் நமக்கு. இங்க நான்தான் ராஜா. எவன் ப்ரோக்ராம் முதல்ல ஓடணும், எவன் காத்திருக்கணும்னு நான்தான் வரிசை போடறேன்.

அவ ப்ரோக்ராமா? ஐப்பசி, கார்த்திகைல வங்கக் கடல்ல ஒரு சின்னச் சுழி தெரிஞ்சாலும் உடனே அனுப்பிடுவா. எல்லாரோடதையும் நிறுத்திட்டு அதை முதல்ல விடுவேன். ஃபிசிக்ஸ்காரங்க வந்து கத்துவாங்க. கத்தட்டும். புயல் கணக்குக்கு முன்னுரிமைன்னு ரூல் இருக்கு. ரூலை யாரு எழுதினாங்களா? நான்தான். அதுல என்ன?

போன வருஷம் அவங்க ஊர்ப் பக்கம் ஒண்ணு கரையைத் தொட்டுச்சு. முந்தின நாளே படம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிடுச்சு, சனங்களை மேட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. இவ கீழ இறங்கி வந்து, நீங்க உக்காந்திருக்கற அதே சேர்ல உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போயிட்டா. ஒரு தேங்க்ஸ்? கிடையாது. இதான் அவ குணம்.

ஒரு நிமிஷம், போன் அடிக்குது.

சொல்லுங்க மேடம்... வந்தாச்சு மேடம், இங்கதான் இருக்காங்க... குடுத்தாச்சு, காப்பி, பிஸ்கட் எல்லாம் ஆச்சு... சே சே, அட்வைஸ்லாம் ஒண்ணும் பண்ணல மேடம். சும்மா பேசிக்கிட்டு இருந்தோம்... சரி மேடம், அனுப்பறேன்.

அவதான். காலைலயே போன் பண்ணிட்டா. அரியலூர்லேர்ந்து இளவரசின்னு ஒரு பொண்ணு தனியா வருது, மெட்ராஸ் புதுசு, பயந்துக்கிட்டு இருக்கும், உங்க ரூம்ல உக்கார வெச்சு ஏதாவது சாப்பிடக் குடுங்க, தயவு செஞ்சு அட்வைஸ் மட்டும் பண்ணாதீங்கன்னு. நான் எங்க அட்வைஸ் பண்ணேன்? நடந்ததைத்தான சொன்னேன்.

போறீங்களா? அப்ப பஸ் இல்ல, மாடிதானா? நான் இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா? சரி, உங்க தலையெழுத்து. உள்ள போனா போர்டுல ஏதாவது எழுதி, சரியா தப்பான்னு கேப்பா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. தெரிஞ்ச மாதிரி நடிச்சா விட மாட்டா, கடைசி வரைக்கும் கூடவே வருவா. அவளே தப்பா எழுதியிருந்தாலும் தயங்காமச் சொல்லுங்க. அதுக்காகத்தான் எழுதுவா.

இந்தச் சீட்டைப் பையில வெச்சுக்கங்க. கிளஸ்டர்ல உங்க பேருக்கு ஒரு அக்கவுண்ட். நீங்க வர்றதுக்கு முன்னாலயே போட்டுட்டேன். அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல, காலைல வேலை இல்லாம இருந்துச்சு. இன்டர்வியூல தேறலைன்னா அழிச்சுடுவேன், ஒரு நிமிஷ வேலை.

போங்கம்மா, நேரமாச்சு. மாடிப்படில கைப்பிடியைத் தொடாதீங்க, இன்னிக்குக் காலைலதான் பெயின்ட் அடிச்சிருக்காங்க.